துண்டு போட்டு மூடிய நம்பர்

போன பங்குனியில் ஒரு வியாழக்கிழமை காலை, என் பெரியப்பா மகனுடைய மகள் ஒரு போட்டோவைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தாள். அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. படூரில் பதினான்கு மாடிக் கட்டடம் ஒன்றில் ஆறாவது மாடியில் தன் அப்பாவை வைத்துக் காப்பாற்றுகிறாள். என்னைச் சித்தப்பா என்று கூப்பிடுவாள். செங்கல்பட்டுக்கு வரும் வழியில் திருப்போரூரில் இறங்கி முருகனைக் கும்பிட்டுவிட்டு வந்ததாகச் சொன்னாள்.

"அப்பாவுக்கு வைகாசியில தொண்ணூறு முடியுது சித்தப்பா. எங்க கட்டடத்திலேயே ஹால் பேசிட்டோம். இந்தப் போட்டோவை ஆள் உயரத்துக்குப் பெரிசு பண்ணி மேடையில வைக்கப்போறோம். கீழே வண்டியோட பேரும் மாடலும் எழுதணும். நெட்ல போட்டுக் கேட்டேன். மூணு பேர் மூணு கம்பெனி பேரைச் சொல்றாங்க. அப்பாவைக் கேட்டா மறந்துபோச்சுங்கறார். நீங்கதான் எதையும் எண்ணிப் பார்த்துச் சொல்லுவீங்க."

"இது யார் வண்டி?" என்று கேட்டேன்.

"அப்பா வண்டிதான். கல்யாணத்துக்கு முன்னால வித்துட்டாராம். அம்மா கடைசி வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. மோட்டார் சைக்கிள் வெச்சிருக்கிற மாப்பிள்ளைன்னு கட்டிக்குடுத்தாங்க, நான் வந்து பார்த்தா வாசல்ல செயின் கழண்ட சைக்கிள்தான் நின்னுதுன்னு."

அச்சரப்பாக்கத்தில் அவள் அம்மாவின் பிறந்த வீடு ரோடு அகலப்படுத்துவதற்காக இடிபட்டது. சுவரில் ஒரே சட்டத்துக்குள் பதினேழு போட்டோக்கள் ஒட்டியிருந்தார்களாம். மாப்பிள்ளை பார்த்த காலத்தில் ஜாதகத்தோடு வந்த படம் என்று இதை மட்டும் யாரோ தனியாக எடுத்து அவளிடம் சேர்த்திருக்கிறார்கள்.

நான் பூதக்கண்ணாடியை எடுத்தேன். படத்தில் என் பெரியப்பா மகன் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருக்கிறான். அப்போது அவனுக்கு இருபத்தாறு. கோட்டு, கறுப்புக் கண்ணாடி. பின்னால் மகாபலிபுரத்துக் கடற்கரைக் கோயில். வண்டியின் இரண்டு சக்கரமும் அலை நுரைக்குள் நிற்கின்றன. டாங்கின்மேல் கம்பெனிப் பெயர் இருக்கும் இடத்தை முழங்கால் மறைக்கிறது. முன்சக்கர மட்கார்டில் நம்பர் எழுதியிருக்கும் இடத்தில் ஒரு துண்டைப் போட்டிருக்கிறான். காற்றில் வந்து விழுந்த துண்டு இல்லை அது. இரண்டு முனையையும் கீழே இழுத்து முடிச்சுப் போட்டிருக்கிறது.

முன்சக்கரத்தைப் பிடித்திருப்பது இரும்புச் சட்டம், நடுவே ஒரே ஒரு சுருள் ஸ்பிரிங். இரண்டாம் உலகச் சண்டை முடிந்தபின் வந்த வண்டிகளில் அதற்குப் பதில் குழாய் இருக்கும். பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங்கே கிடையாது. கைப்பிடியில் ரப்பர் இல்லை, கித்தான் சுற்றியிருக்கிறது. சண்டைக் காலத்தில் ரப்பர் கிடைக்காமல் பட்டாளத்து வண்டிகளுக்கு அப்படித்தான் செய்தார்கள். சூடு ஆறுவதற்காக சிலிண்டரைச் சுற்றி அடுக்கியிருக்கும் தகடுகளை எண்ணினேன். எட்டு. மேலிருந்து மூன்றாவது தகட்டின் மூலை உடைந்திருந்தது.

அங்கேயே கை நின்றுவிட்டது. பின்பக்கக் காரியரைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் பார்த்தேன். காரியரின் பக்கவாட்டில் இரண்டு இரும்பு வளையங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. அவற்றில் அவன் தன் குடையைச் செருகி வைத்திருந்தான்.

"அது இன்னா சித்தப்பா, அந்தக் காலத்து வாட்டர் பாட்டில் ஸ்டாண்டா?" என்று கேட்டாள்.

"நாலு நாள் இந்தப் படம் என்கிட்ட இருக்கட்டும்" என்றேன்.

அவை கொசு மருந்து அடிக்கும் பம்ப்பை நிறுத்தி வைக்கும் வளையங்கள். உலகத்தில் எந்தத் தனி மனிதனும் தன் மோட்டார் சைக்கிளில் அப்படி இரண்டு வளையம் பற்றவைத்துக்கொள்ள மாட்டான். பற்றவைத்தபோது பக்கத்தில் நின்று அளவு சொன்னவன் நான். அடி வளையம் ஐந்தரை அங்குலம், மேல் வளையம் ஐந்து.

ஐம்பத்தைந்தாம் வருஷம் எனக்கு இருபத்துமூன்று வயது. செங்கல்பட்டில் ஒரு சர்க்கார் ஆபீசில் தாற்காலிகமாகச் சேர்ந்து பத்து மாதம் ஆகியிருந்தது. எந்த ஆபீஸ் என்று சொல்லப்போவதில்லை. கிராமம் கிராமமாகப் போய் குடிசைச் சுவர்களில் கொசு மருந்து அடிக்கும் ஆட்களை மேற்பார்வை பார்ப்பது என் வேலை. ஆபீசுக்கென்று இருந்தது ஒரே மோட்டார் சைக்கிள். பட்டாளத்தார் கழித்துவிட்டு ஏலத்தில் விட்டது. அதை ஓட்ட ஆபீசில் இருவருக்குத்தான் அனுமதி. ஒருவர் ஆபீசர், இன்னொருவன் நான். அந்த உடைந்த தகடு என் கைங்கரியம். ஸ்பானர் நழுவி விழுந்தது. ஆபீசரிடம் நானே போய்ச் சொன்னேன். "சொன்னியே, அது போதும்" என்றார். தொடர்ந்து ஆறு மாதம் இப்படி ஒழுங்காக இருந்தால் வேலையை நிரந்தரமாக்க எழுதுகிறேன் என்றும் சொல்லியிருந்தார். இதை நான் அப்பாவிடம் சொன்னபோது அவர் அன்று முழுவதும் வீட்டுக்குள் மெல்லப் பாடிக்கொண்டே இருந்தார். அப்பா ஆரம்பப் பள்ளித் தலைமையாசிரியர். பாடுகிற வழக்கம் இல்லாதவர்.

மாசி மாதம். மகாபலிபுரத்தில் மீனவர் குப்பத்தில் மருந்தடிப்பு. மணலில் வண்டி போகாது என்பதால் பஸ் நிற்கும் இடத்தில் ஒரு டீக்கடைப் பந்தலில் நிறுத்திவிட்டு பம்ப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அப்போதுதான் செங்கல்பட்டு பஸ்ஸிலிருந்து பெரியப்பா மகன் இறங்கினான். அவன் அரிசி மில்லில் குமாஸ்தா. கூடவே முக்காலிக் காமிராவைச் சுமந்துகொண்டு ஒரு போட்டோகிராபர்.

"தம்பி, அச்சரப்பாக்கத்துல பொண்ணு அமைஞ்சிருக்குதுடா. ஜாதகம் பொருந்திடுச்சு. போட்டோ கேக்குறாங்க" என்றான்.

"ஸ்டூடியோவில எடுத்துக் குடு அண்ணாத்த."

"ஸ்டூடியோவுல இன்னா கீது? பூந்தொட்டி, ஒரு நாற்காலி. அல்லாரும் அதுலதான் ஒக்காந்துகினு எடுக்கறான். சும்மா இந்த வண்டிமேல ஒக்காந்து ஒண்ணு எடுத்துக்கறேன். ஸ்டார்ட் கூடப் பண்ண மாட்டேன். ஒன் மேல சத்தியம்."

"பந்தலை விட்டு நகர்த்தக்கூடாது."

"ஐயே, ஒன் வண்டிய இன்னா நான் தின்னுடப்போறனா? போடா, போய்க் கொசுவ அட்றா."

போட்டோகிராபர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த நாளில் மாப்பிள்ளைப் படத்துக்கு எதையாவது கடன் வாங்கி வைத்துக்கொள்வது சாதாரணம். கடிகாரம், ரேடியோ, கோட்டு, சில சமயம் அடுத்த வீட்டு மேஜை விசிறி. பெண் வீட்டாருக்கும் அது தெரியும். அவர்கள் அனுப்பும் படத்திலும் பெண்ணின் கழுத்தில் கிடப்பது அத்தை நகையாக இருக்கும். யாரும் யாரையும் கேட்பதில்லை. அதனால் கொடுத்தேன். நான் செய்த தப்பு அது ஒன்றுதான். இதுவரை எண்ணிப் பார்த்ததில் இரண்டாவது எதுவும் அகப்படவில்லை.

நாற்பத்தோரு குடிசைகள் முடித்துவிட்டுத் திரும்பும்போது மணி பன்னிரண்டரை. வண்டி பந்தலில்தான் நின்றது. வாசலைப் பார்த்து நிறுத்தியிருந்தேன். இப்போது உள்பக்கம் பார்த்து நின்றது. செயினில் ஈரமணல். என்ஜினைத் தொட்டேன், சுட்டது. டீக்கடைக்காரர் ஊருக்குப் போயிருந்தார். அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த கிழவருக்குக் காது கேட்காது. அண்ணனும் போட்டோகிராபரும் அதற்குள் பஸ் ஏறிவிட்டார்கள். துணியால் மணலைத் துடைத்துவிட்டுக் கிளம்பினேன். திருக்கழுக்குன்றம் தாண்டும்போது கரகரவென்று ஒரு சத்தம். பின்சக்கரம் சுற்றாமல் இழுபட்டு, வண்டி ரோட்டோரம் போய் நின்றது. மிதித்துப் பார்த்தேன். உதைகட்டை இறங்கவே இல்லை.

மாட்டுவண்டி பிடித்து, நாலு பேர் சேர்ந்து அதை ஏற்றி, மீதி தூரம் மாடு இழுத்தது. ராஜவீதியில் நுழைந்தபோது பள்ளிக்கூடம் விடுகிற நேரம். மாட்டுவண்டியில் மோட்டார் சைக்கிளும் அதைப் பிடித்துக்கொண்டு நானும் போவதை ஊர் முழுக்கப் பார்த்தது.

மறுநாள் ஆபீஸ் தாழ்வாரத்தில் மெக்கானிக் என்ஜினைப் பிரித்தார். செய்தித்தாளை விரித்து, சிலிண்டருக்குள்ளிருந்து எண்ணெயோடு மணலை வழித்து அதன்மேல் கொட்டினார். தகடுகளுக்கு இடையில் வெள்ளையாகப் பூத்திருந்தது. ஆபீசர் அப்பாவுக்கு ஆள் அனுப்பி வரவழைத்திருந்தார். அப்பா கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்.

"கடல்ல இறக்கினியா?" என்று ஆபீசர் கேட்டார்.

"நான் இல்லீங்க சார். எங்க அண்ணன்" என்று நடந்ததை எல்லாம் சொன்னேன்.

மில்லிலிருந்து அண்ணனைக் கூப்பிட்டு விட்டார்கள். அவன் வந்து நின்ற நிலையை இப்போதும் என்னால் வரைந்து காட்ட முடியும். கைகட்டி, தலை குனிந்து, என்னைப் பார்த்துப் பரிதாபப்படுகிறவன் மாதிரி.

"நான் மகாபலிபொரம் பக்கமே போகலீங்க சார். திருப்போரூர் கோயிலுக்குப் போய்ட்டு வந்தேன். தம்பி சின்னப் பையன், பயத்துல இன்னாவோ சொல்லுது. மன்னிச்சி வுட்டுடுங்க."

எனக்காக அவன் மன்னிப்புக் கேட்டான்!

போட்டோகிராபரைக் கேளுங்கள் என்றேன். கேட்டார்கள். அவர், "எடுக்கலாம்னு போனது வாஸ்தவம். கடல் காத்து, பிளேட்டு கெட்டுப்போச்சு. படமே வரல. நான் வேற பக்கம் பாத்துகினு இருந்தேன், யாரு வண்டிய ஓட்டினாங்கன்னு தெரியாது" என்றார். அண்ணன் அங்கே போகவே இல்லை என்கிறான், இவர் போனோம் என்கிறார். இந்த முரண்பாட்டை நான் எடுத்துச் சொன்னேன். ஆபீசர் கேட்கவில்லை. என் கையிலிருந்த வண்டி, என் பொறுப்பு, அவ்வளவுதான் அவருக்கு.

"அந்த வெள்ளையைத் தொட்டு நாக்கில வெச்சுப் பாரு. உப்பா, இல்லையா, நீயே சொல்லு" என்றார்.

அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். நான் தொட்டு வைத்தேன். உப்புத்தான்.

அப்பா இரண்டு கையையும் கூப்பினார். அவரைவிடப் பதினைந்து வயதாவது சின்னவர்களான குமாஸ்தாக்கள் எல்லாம் அவர் பள்ளியில் படித்தவர்கள் என்று எழுத ஆசைதான். அது கணக்கில் வராது. உண்மை இதுதான்: அங்கே நின்ற ஒன்பது பேரில் நாலு பேர் அவரிடம் படித்தவர்கள். அவர்கள் எதிரில் கூப்பினார். "அவன் ஒத்துக்கலேன்னாலும் நான் ஒத்துக்கறேன். வேலைய மட்டும் எடுத்துடாதீங்க" என்றார். வேலை போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் அப்பா ஒரே ஒரு தடவை கேட்டார். "இப்பவாவது உண்மையைச் சொல்லிடு." அதே உண்மையைத்தான் திரும்பவும் சொன்னேன். அன்றோடு என்னிடம் பேசுவதை நிறுத்தினார். எது வேண்டுமானாலும் அம்மா மூலம்தான். முப்பத்தெட்டு மாதம். ஐம்பத்தெட்டாம் வருஷம் சித்திரையில் இறந்துபோனார்.

அண்ணன் கல்யாணம் அந்த வருஷமே ஆனியில் அச்சரப்பாக்கத்தில் நடந்தது. நான் போகவில்லை. அதன்பின் அறுபத்துமூன்று வருஷத்தில் குடும்ப விசேஷங்களில் அவனை நூறு தடவைக்குமேல் பார்த்திருப்பேன். யாராவது வண்டி பற்றிப் பேசினால் போதும், "நம்ம தம்பி கடல்லயே மோட்டார் ஓட்டினவன்" என்று ஆரம்பிப்பான். எல்லோரும் சிரிப்பார்கள். என் மனைவிகூட ஒரு தடவை சிரித்தாள். ஒவ்வொரு தடவையும் நான் மனதுக்குள் அவனை உப்பு நக்க வைத்திருக்கிறேன்.

இப்போது அவன் மகளே படத்தைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்துவிட்டாள். அந்த நாலு நாளும் எனக்குத் தூக்கம் நன்றாக வந்தது.

அவளிடம் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "கம்பெனிப் பேரு கண்டுபிடிச்சுட்டேன், பெரிய கதை, நானே மேடையில சொல்றேன்" என்றேன். படத்தைப் பெரிசு பண்ண அவள் ஏற்கெனவே ஸ்கேன் எடுத்து வைத்திருந்ததால், அசல் என்னிடமே இருந்தது.

வைகாசியில் விழா. ஹாலில் நூற்றிருபது நாற்காலி போட்டிருந்தார்கள், தொண்ணூற்றாறு நிரம்பியிருந்தன. மேடையில் படம் ஆள் உயரத்துக்கு நின்றது. பெரிதானதில் இன்னும் தெளிவாக இருந்தது, துண்டின் முடிச்சு உட்பட. அண்ணன் பட்டு வேட்டியோடு அதன் அடியில் உட்கார்ந்திருந்தான். தொண்ணூறு வயதிலும் கண்ணாடி இல்லாமல் படிக்கிறான், பல் கூட ஆறு மிச்சம் இருக்கிறது. மகள் மைக்கைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

கம்பெனிப் பெயரைச் சொன்னேன், சண்டைக் காலத்து முந்நூற்றைம்பது சி.சி. மாடல் என்றேன், கைதட்டினார்கள். பிறகு எட்டுத் தகட்டைச் சொன்னேன். உடைந்த மூலையைக் காட்டினேன். வளையங்களின் அளவைச் சொல்லி, அதில் என்ன நிற்கும் என்றும் சொன்னேன். "இது இவன் வண்டி இல்லை. நான் வேலை பார்த்த ஆபீஸ் வண்டி. இதைக் கடலில் இறக்கினவன் இதோ உட்கார்ந்திருக்கிறான். அதற்காக வேலையை இழந்தவன் நான். எங்க அப்பா கைகூப்பினார்" என்றேன்.

அண்ணன் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அடப்பாவி, நம்பர மறைக்கத்தானேடா துண்டப் போட்டு முடிஞ்சேன்! எப்டிடா கண்டுபுட்ச்சே?"

தொண்ணூற்றாறு பேரும் சிரித்தார்கள். சிலர் எழுந்து கைதட்டினார்கள். அவனும் குலுங்கிச் சிரித்தான். நான் அறுபத்துமூன்று வருஷம் சேர்த்து வைத்ததை அவர்கள் ஒரு நிமிஷத்தில் நகைச்சுவையாக்கி முடித்துவிட்டார்கள். சிரிக்காதவள் மகள் ஒருத்திதான். என் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டு, "அப்பா, எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க" என்று ஒரு தாளை அவன் மடியில் வைத்தாள்.

"இன்னாத்த எழுதச் சொல்றே?"

"சித்தப்பா சொன்னதை. ஓட்டினது நான்தான்னு."

சிரிப்பு நின்றது. அவன் எழுதினான். பதினொரு வார்த்தை.

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் கிளம்பினேன். லிப்ட் வரை தடியை ஊன்றிக்கொண்டு பின்னாலேயே வந்தான்.

"தம்பி, நில்லுடா. சித்தப்பாவுக்குத் தெரியுண்டா."

அவனுக்குச் சித்தப்பா என்றால் என் அப்பா.

"என்ன தெரியும்?"

"கடல்ல வுட்டது நாந்தான்னு. பத்திரிகை வெக்க வூட்டுக்கு வந்தேன்ல, நீ இல்ல அன்னிக்கு. கால்ல வுயுந்து சொல்லிட்டேன். மனசு கேக்கல."

"அப்பா என்ன சொன்னார்?"

"ஏந்திருடான்னாரு. அப்பறம் 'பொண்ணு வூட்டுக்குத் தெரியவாணாம், கல்யாணம் நின்னுடும், போ'ன்னாரு. நான் வாசல் தாண்டும்போது கூப்ட்டாரு. 'இனிமே அவன் மொகத்துல நான் எப்டிடா முழிப்பேன்'னாரு. அவ்ளோதான்."

லிப்ட் வந்து, கதவு திறந்து, மூடி, போய்விட்டது.

பத்திரிகை வைத்தது வைகாசியில். அவன் சொல்வது நிஜமானால் முப்பத்தெட்டு மாதத்தில் மூன்று மாதம் மட்டுமே அப்பாவுக்கு என்மேல் கோபம். மீதி முப்பத்தைந்து மாதம் வெட்கம். பொய்யானால் முப்பத்தெட்டும் கோபம். இவன் ஆபீசர் எதிரில் கைகட்டி நின்று பொய் சொன்னவன், மனைவியிடம் ஆயுள் முழுக்கப் பொய் சொன்னவன். கடைசி நேரத்தில் என் கோபத்தை அப்பா பக்கம் திருப்பிவிட இதைக் கட்டிச் சொல்லியிருக்கவும் கூடும். அப்பாவுக்குத் தெரியும் என்றால் ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்க மாட்டாரா? அந்த வருஷம் ஆடியில் என் பாய்மேல் ஒரு விண்ணப்பத் தாள் கிடந்தது, ஆசிரியர் பயிற்சிக்கு. இருபத்திரண்டு கட்டத்தையும் அப்பாவே தன் கையால் நிரப்பியிருந்தார். என் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார். என்னை வீட்டைவிட்டு அனுப்பத்தான் அப்படிச் செய்தார் என்று நினைத்துப் போனேன். அந்தப் படிப்பால்தான் முப்பத்துநான்கு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தேன்.

அதை இவன் சொன்னதற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியுமா? முடியாது. இதற்குப் போட்டோ கிடையாது.

மகள் படத்தைத் திருப்பிக் கேட்டு ஆறு தடவை போன் செய்தாள். கொடுக்கவில்லை, கொடுக்கப்போவதும் இல்லை. ஆனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பத்து மணிக்கு அவளுக்கு நானே போன் போட்டு, அண்ணனிடம் கொடுக்கச் சொல்கிறேன். பத்திரிகை வைக்க வந்த நாளை முதலிலிருந்து சொல்லச் சொல்கிறேன். எங்கே நின்றான், அப்பா எங்கே உட்கார்ந்திருந்தார், எத்தனை தடவை கூப்பிட்டார். பொய் சொல்கிறவன் எங்காவது ஒரு இடத்தில் மாற்றிச் சொல்லியே தீரவேண்டும். போன வாரம் அவனுக்கு இருமல்.

"இன்னைக்கு வுட்டுட்றா, மூச்சு வாங்குது" என்றான்.

"கடைசியில் அப்பா சொன்னதை மட்டும் சொல்."

சொன்னான். பதினான்கு வாரம் ஆயிற்று. இதுவரை மாற்றவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமையும் கேட்பேன்.